நான் அனுப்பிவைத்தவள்

என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனவள் எங்களுக்கு முன்பின் தெரியாதவள் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், பேக்கிங் பிரிவில், எனக்குப் பக்கத்து மேசையில் ஏழு மாதம் நின்றவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், என் பங்கு அட்டைப்பெட்டிகளையும் சேர்த்து ஒட்டிவிட்டு, சூப்பர்வைசர் கண்ணில் படாமல் என்னை மூலையில் உட்கார வைத்தாள். எந்த ஊரில் பேசப் போனாலும் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ வேனில் வந்து வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு காலனியில். அப்பாவை நாங்கள் நைனா என்போம். முன்பு நெல் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஒரு கம்பெனியில் லாரிக்குச் சுமை ஏற்றுகிற ஆளாகிவிட்டார். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல். நான் மூத்தவள். எனக்கு ஆறு வருஷம் கழித்துத் தங்கை.

அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். என் அடையாள அட்டையின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. நான் வேலை முடிந்து வந்து கழற்றி வைத்ததும் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முகம் கழுவுகிறபோதும் சாப்பிடுகிறபோதும் அதோடே திரிவாள். சாயங்காலம் நான் ரயிலில் இருந்து இறங்கும் நேரத்துக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்னேரி ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். ஷேர் ஆட்டோ இருக்கிறது, நீ எதற்கு வருகிறாய் என்று கேட்டால், "உன்ன இஸ்துக்குனு போனாதான் எனக்கு ராத்திரி சோறு எறங்கும்" என்பாள். என்னைப் பின்னால் உட்கார வைத்து, பெடலில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டே, காலனியில் அன்றைக்கு நடந்தது முழுவதையும் ஒப்பிப்பாள். காற்றில் பாதி வார்த்தை எனக்குக் கேட்காது. கேட்ட மாதிரி சிரித்து வைப்பேன். அந்த வேளையை இப்போது நினைத்தால், கேட்காமல் போன அந்தப் பாதியை யாரிடம் போய்க் கேட்பது என்று இருக்கிறது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்து மேசை அக்கா கேட்டாள்.

"உன் தங்கச்சி சும்மாதான கீது? பெங்களூர்ல பெரிய ஓட்டலு. ரூம் சுத்தம் பண்ற வேல. தங்க எடம், துணி, சாப்பாடு எல்லாம் அவங்களே. என் அண்ணன் பொண்ணு அங்கதான் கீறா. நானே கூட்டினு போய் உட்டுட்டு வரேன்."

அன்று சாயங்காலம் சைக்கிளில் வரும்போதே தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, திரும்பி என்னைப் பார்த்தாள். "எனுக்கும் ஐடி கார்டு தருவாங்களாக்கா?" என்றாள்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "தெரியாத ஊருக்கு வயசுப் பொண்ண எப்டிடி தனியா அனுப்பறது?" என்றாள். நைனா, "நீ வெளிய போய்வர புள்ள, உனுக்குத்தான் தெரியும்" என்று என்னைப் பார்த்தார்.

"எனக்கு அந்தக்காவ நல்லா தெரியும்மா. எல்லாம் நான் விசாரிச்சுட்டேன்" என்றேன்.

நான் விசாரித்தது ஒரே ஒரு கேள்வி. ஹாஸ்டலில் பெண் வார்டன் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான். ஓட்டலின் பெயரைக் கேட்டிருக்கலாம். அவளுடைய அண்ணன் மகளோடு போனில் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் அக்கா மனசு சங்கடப்படும் என்று நினைத்தேன்.

பாஸ்போர்ட் அளவு போட்டோ வேண்டும் என்றாள். நான்தான் தங்கையைப் பொன்னேரி பஜாரில் இருக்கும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் வெளிர்நீலச் சுடிதாரைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். "அண்ணா, என்ன வெள்ளையாக்கிடாதீங்க, அப்புறம் கேட்டுல வாட்ச்மேன் உள்ள உட மாட்டான்" என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னாள். சிரிக்காமல் பாரும்மா என்று அவர் மூன்று தரம் சொன்ன பிறகும், அந்தப் போட்டோவில் அவள் உதடு இப்போதோ அப்போதோ சிரிப்பில் பிரியப் போகிற மாதிரிதான் இருக்கும்.

புறப்பட்ட அன்று எனக்குக் காலை ஷிப்ட். நான் கும்மிடிப்பூண்டி போகும் ரயிலுக்கு ஒரு பிளாட்பாரத்திலும், அவள் சென்னை போகும் ரயிலுக்கு எதிர்ப் பிளாட்பாரத்திலும் நின்றோம். அவளுக்குப் பக்கத்தில் நைனாவும் அந்த அக்காவும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமிருந்து நான் கை காட்டினேன். அவள் கையைக் குவித்து வாயருகே வைத்து என்னவோ கத்தினாள். அதற்குள் அவளுடைய ரயில் நடுவில் வந்து நின்றுவிட்டது. போனதும் பார்த்தேன், நைனா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

முதல் மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வந்தது; தன் போன் கெட்டுப்போய்விட்டது என்று அந்த அக்காவின் நம்பரில் இருந்து தங்கை பேசினாள். நல்லா கீறேன் என்றாள். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "ஓட்டல் சாப்பாடுக்கா, கேக்கணுமா" என்று சிரித்தாள். நான்காவது வாரம் போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. தங்கையைக் கூட்டிக்கொண்டு போகும்போதே, சொந்தத்தில் கல்யாணம் என்று கம்பெனியில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டுப் போன அந்த அக்கா வேலைக்குத் திரும்பவே இல்லை. கவரைப்பேட்டையில் அவள் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். காலி செய்து பத்து நாள் ஆகிறது என்றார் வீட்டுக்காரர்.

நானும் நைனாவும் பெங்களூருக்குப் போனோம். புறப்படும்போது அந்த அக்கா எழுதிக் கொடுத்திருந்த விலாசத்தில் ஓட்டல் இல்லை, மரக்கடை இருந்தது. பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு என்று போட்டோவைக் காட்டிக்கொண்டே இரண்டு நாள் நடந்தோம். திரும்பும்போது பஸ் நிலையத்தில் உட்கார்ந்து நைனா கேட்டார். "உனுக்குத் தெரிஞ்சவதானம்மா அவ?" போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க எழுந்து போனேன். அவரும் பிறகு ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனில், "லவ் மேட்டரா இருக்கும்மா, ஒரு வாரம் பாருங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை எங்கள் காலனி அங்கன்வாடி டீச்சர் கூட வந்தார். என் வயதுதான் அவருக்கு. புகாரை எழுதி வாங்கிக்கொள்கிற வரைக்கும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் டீச்சர் என்னிடம், "இந்த மாதிரி கூட்டினு போறது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. சுத்துப்பட்டுல போய்ச் சொல்லணும். நீ வரியா?" என்றார். யாராவது ஒருத்தர் அவளைப் பார்த்திருந்தால் சொல்வார்களே என்றுதான் நான் போனேன். விழிப்புணர்வு என்ற வார்த்தை எல்லாம் அப்போது என் மனதில் இல்லை.

டீச்சர், நான், இன்னும் மூன்று பெண்கள். கிராம சபை, மகளிர் குழு, ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூட ஆண்டு விழா, தொழிற்பேட்டைக்குப் பின்னால் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் தகர வீடுகள் என்று, எனக்கு ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் சுற்றினோம். வேலைக்குக் கூப்பிட்டால் கம்பெனி பெயர் கேளுங்கள், விலாசம் கேளுங்கள், அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், உதவி எண் இது என்று டீச்சர் சொல்வார். பிறகு நான் எழுந்து தங்கையைப் பற்றிப் பேசுவேன். பின்னால் ஃப்ளெக்ஸ் பேனரில் அவள் முகம் ஆளுயரத்துக்கு இருக்கும். ஸ்டுடியோவில் எடுத்த அதே போட்டோ. பெரிதாக்கியதில் கண் மட்டும் கொஞ்சம் கலங்கிப்போயிருந்தது.

பேசப் பேச எனக்குப் பேச்சு வந்துவிட்டது. எங்கே நிறுத்தினால் பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுப்பார்கள் என்று தெரிந்துவிட்டது. சைக்கிளைச் சொல்வேன், அடையாள அட்டையைச் சொல்வேன், எதிர்ப் பிளாட்பாரத்தைச் சொல்வேன். "என் தங்கச்சியை ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று முடிப்பேன். அம்மாவைச் சம்மதிக்க வைத்தது யார் என்பதை ஒரு கூட்டத்திலும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை. வீட்டுக்கு வந்து, தங்கையின் பாயை விரித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் என் பாயில் படுப்பேன். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள்.

இரண்டரை வருஷம் போனது.

ஒரு நாள் மதியம் டீச்சர் என் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். வாட்ச்மேன் வந்து கூப்பிட்டதும், நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் கையில் ஒட்டும் டேப்போடு ஓடினேன். நெல்லூர்ப் பக்கம், கடலோரத்தில், இறால் உரிக்கும் கொட்டகை ஒன்றில் அடைத்துவைத்திருந்த பெண்களை மீட்டிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் சுவரேறிக் குதித்து, சாலையில் வந்த பஸ்ஸை மறித்துச் சொன்னதில் விஷயம் வெளியே தெரிந்தது. அதில் தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி பொன்னேரி என்று சொல்கிறாளாம்.

மறுநாள் நானும் நைனாவும் போனோம். ஓர் அரசாங்க இல்லத்தின் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, யாருடையதோ ஒரு பெரிய நைட்டியில், ஒரு பெண் வந்தாள். நைனா எழுந்தபோது நாற்காலி கவிழ்ந்தது. அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உனுக்கு இன்னிக்கு லீவா?" என்றாள்.

நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். ஆமாம், லீவு போட்டுட்டேன் என்றேன். அவள் கையைப் பிடித்தேன். விரல் நுனிகள் வெந்து உரிந்து, நகமெல்லாம் தேய்ந்து, ஏதோ வயதானவளின் கை மாதிரி இருந்தது. நாள் முழுக்கப் பனிக்கட்டியில் கிடக்கிற இறாலை உரித்த கை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரேயடியாக எதையும் சொல்லவில்லை. வெங்காயம் அரியும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம். அவள் போனை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசியபோதெல்லாம் அந்த அக்கா பக்கத்தில்தான் இருந்தாள், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு. வெளியே போனால் போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். கேட்டுக்குப் பூட்டு. ரயிலைப் பற்றி அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சென்ட்ரல்ல வேற ட்ரெயின்ல ஏத்துனாங்க. பாத்தா அது திரும்பி நம்ம பொன்னேரி வழியாவே வருது. இன்னாக்கா, வந்த வழியே போறோம்னு கேட்டேன். இது சுத்திக்கினு போற ட்ரெயினுன்னு அந்தக்கா சொல்ச்சு. நம்பிட்டேன். கும்மிடிப்பூண்டி வந்துச்சு, நிக்கல. உங்க கம்பெனி எந்தப் பக்கம்னு தெரியாது. பொக தெரிஞ்ச பக்கமா பாத்துக் கை காட்னேன்."

அந்த நேரத்துக்கு நான் உள்ளே மேசையருகில் நின்று அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்திருப்பேன். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் தெற்கேயும் மேற்கேயும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நான் தினமும் வேலைக்குப் போகிற அதே பாதையில், நான் இறங்குகிற ஸ்டேஷனுக்கு அந்தாண்டை, சில மணி நேரத் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

அன்று எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து என்ன கத்தினாய் என்று ஒரு நாள் கேட்டேன். "ஞாபகம் இல்லக்கா" என்றாள்.

காலனியில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் குழாயடியில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "எறா உரிக்கவா இவ்ளோ தூரம் கூட்டினு போவாங்க? வேற ஒன்னும் பண்ணலயாமா?" என்று என்னிடமே ஒருத்தி கேட்டாள். இரண்டரை வருஷம் ஒரு பெண்ணைப் பூட்டிவைத்து வேலை வாங்கியது அவர்களுக்குப் போதவில்லை. தங்கை குழாயடிக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதையும் நிறுத்தினாள்.

நான் மட்டும் கூட்டங்களை நிறுத்தவில்லை. ஃப்ளெக்ஸைக் கழற்றவும் இல்லை. புதிதாக மூன்று அடித்து, அவள் முகத்துக்குக் கீழே 'மீட்கப்பட்டாள்' என்று சிவப்பு எழுத்தில் போட வைத்து, பொன்னேரி பஜாரிலும் சுத்துப்பட்டிலும் கட்டினேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அம்மாவோடு பொன்னேரி பஜாருக்குக் காய்கறி வாங்கப் போன அன்று அவள் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"என்ன அனுப்சதும் அந்த போட்டோவ எட்த்துதான். இப்ப ஊர் பூரா காட்றதும் அதே போட்டோவா?"

"உனக்கு வந்தது இன்னொரு பொண்ணுக்கு வரக் கூடாதுன்னுதான்டி..."

"இன்னொரு பொண்ணு பொழைக்கட்டும், வேணாம்னு சொல்லல. கடத்திக்கினு போய்ட்டாங்க, கூட்டினு போய்ட்டாங்கன்னு மைக்குல சொல்றியாமே. யாரு அனுப்சாங்கன்னு சொல்றியா?"

அம்மா நடுவில் வந்தாள். "உடுடி, அக்கா வேணும்னா செஞ்சா?"

"வேணும்னு செஞ்சான்னு நான் சொன்னனா?" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "அங்க கொட்டாயில படுத்துக்குனு, அக்கா தேடிக்குனு இருப்பான்னு நெனச்சிக்குவேன். அந்த ஒன்னுதான் என்ன காப்பாத்துச்சு. நீ தேடத்தான் செஞ்ச, தெரியும். ஆனா வந்து பாத்தா, என் கதைய நீ எட்த்துக்குனு போய்ட்ட. எனுக்குச் சொல்றதுக்கு ஒன்னும் இல்ல இப்போ."

அடுத்த மாதம் அவள் திருநின்றவூருக்குப் போய்விட்டாள். அவளோடு மீட்கப்பட்ட ஒரு பெண் அங்கே வாடகை வீட்டில் இருந்தாள். ரயிலடியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை கிடைத்தது. போகிற அன்று நைனா ஸ்டேஷன் வரைக்கும் போனார். நான் வருகிறேன் என்றேன். "வேணாம்க்கா, உனுக்கு ஷிப்ட் கீது" என்றாள். அன்று எனக்கு வார விடுமுறை என்று அவளுக்கும் தெரியும்.

ஃப்ளெக்ஸ்களைத் தேடிக் கழற்றினேன். இரண்டு கிடைத்தன. மூன்றாவதை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வாரக்கணக்கில் தேடி, கவரைப்பேட்டையில் ஒரு காய்கறி வண்டிக்குக் கூரையாகக் கண்டுபிடித்தேன். தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் மேலே அவள் முகம் கீழ் நோக்கி இருந்தது. வண்டிக்காரரிடம் கேட்டேன். "எட்த்துக்கோம்மா, ஆனா எனுக்கு வெயிலுக்கு வேற ஒன்னு குடு" என்றார். நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, அவரும் நானுமாகக் கட்டினோம். அவளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். மடியில் வைத்துக்கொள்ள முடியாத நீளம். நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

பிறகு பல மாதம் கூட்டத்துக்குப் போகவில்லை. டீச்சர் இரண்டு முறை வந்து கூப்பிட்டார். எனக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றேன். "அனுப்பறவங்ககிட்ட யாருமே பேசறதில்ல. அத நீ பேசு" என்றார் மூன்றாம் முறை.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் மகளிர் குழுக் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். நான் எழுந்தேன். "என் தங்கச்சியை நான்தான் அனுப்பினேன்" என்றேன். அதற்கு முன்பெல்லாம் அங்கே நிறுத்து, இங்கே நிறுத்து என்று தெரிந்து பேசினவள், அன்று எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டதைச் சொன்னேன். எங்கம்மாவுக்குச் சந்தேகம் வந்ததையும், அவள் வாயை நான் அடைத்ததையும் சொன்னேன். யாரும் முந்தானையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் வயசுப் பெண்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்கள் எல்லாம் அம்மா, அக்கா, அத்தை, அண்ணி. பெண்களை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியே இத்தனை நாள் பேசியிருக்கிறோம். பையில் துணி வைத்துக் கொடுத்து ரயிலேற்றுகிறவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

முடிந்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "என் பொண்ணு திங்கக்கெழம போவுது. எங்க அண்ணிதான் சொல்லிக் குடுத்தாங்க. துணி கம்பெனின்றாங்க. நான் ஒன்னுமே கேக்கல கண்ணு."

டீச்சரும் நானும் விலாசத்தை வாங்கி, அதில் இருந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அங்கன்வாடிப் பணியாளரைப் போய்ப் பார்க்கச் சொன்னோம். அந்த இடத்தில் பூட்டிக் கிடக்கிற ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது என்று போனில் சொன்னார். போலீசில் தகவல் கொடுத்தோம். கூட்டிக்கொண்டு போக வருவதாகச் சொன்ன ஆள் வரவே இல்லை. அந்தப் பெண் போகவில்லை.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லவில்லை. "உங்க தங்கச்சி மாட்டுனா நானும் மாட்டுவனா? இங்க எனுக்கு இன்னா கீது, ஊட்டப் பெருக்கிக்குனு ஒக்காந்திருக்கவா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். பையைக் கட்டி மூலையில் வைத்திருந்தாள். என் தங்கையும் இதே மாதிரிதான் ஆசைப்பட்டாள். சூப்பர்வைசரிடம் நாலு முறை கெஞ்சி, எங்கள் பேக்கிங் பிரிவிலேயே அந்தப் பெண்ணுக்கு வேலை வாங்கினேன். வந்து இப்போது ஒரு வருஷம் ஆகிறது. டேப் கேட்பதைத் தவிர என்னிடம் பேசுவதில்லை. தினமும் வருகிறாள், அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு.

இந்த வருஷம் மழை விட்ட ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் திருநின்றவூர் போனேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது, திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். கடையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலைக் கிளிப்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முடி வளர்ந்து தோளைத் தொட்டிருந்தது. நான் எதிர்ச்சாரியில் நின்றேன். அவள் நிமிர்ந்தாள், பார்த்தாள், மறுபடி குனிந்து அந்தப் பெண்ணுக்குப் பச்சைக் கிளிப் நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

டீக்கடையில் நின்றோம். அம்மாவைக் கேட்டாள். நைனாவின் முழங்கால் வலியைக் கேட்டாள். அம்மா மாதம் ஒருமுறை வந்துபோகிறாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் கேட்டாள்.

"இப்பல்லாம் மீட்டிங்ல உன் கதைய சொல்றதில்ல. நான் செஞ்சததான் சொல்றேன்" என்றேன்.

"அம்மா சொல்ச்சு."

டீயை ஊதிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. விரல்களைப் பார்த்தேன். நகம் வளர்ந்து, சிவப்புச் சாயம் பூசியிருந்தாள்.

"அதுல நான் வரேனா?"

"வர. பேர் கிடையாது, போட்டோ கிடையாது."

"எறாவ சொல்றியா?"

"இல்ல. உனக்குப் புடிக்காதுன்னு உட்டுட்டேன்."

"அத சொல்லு" என்றாள். "அத மட்டும் கண்டிப்பா சொல்லு. பூட்டி வெச்சாங்க, எறா உரிக்க வெச்சாங்க, அவ்ளோதான்னு சொல்லு. வேற எதுவும் இல்லன்னு நான் எவ்ளோ பேர்கிட்ட சொல்றது? அதுவே ஒரு மனுசிக்குப் போதாதான்னு கேளு அவங்கள."

சரி என்றேன். அதற்குப் பிறகுதான் இதை எழுதவே எனக்குத் தைரியம் வந்தது.

கடைக்குத் திரும்ப வேண்டும் என்று டம்ளரை வைத்தாள். நாலடி போய்த் திரும்பி, "அடுத்த வாட்டி போன் பண்ணிட்டு வா. இப்டி வந்து எதுக்க நின்னா எனுக்குப் பேஜாரா கீது" என்றாள். நம்பரைச் சொன்னாள். என்னிடம் அந்த நம்பர் ஏற்கெனவே இருந்தது, அம்மாவின் போனிலிருந்து பார்த்து வைத்திருந்தேன். ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டேன்.

தங்கை போனில் அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பு இப்போது பேச்சின் நடுவில் வருவதில்லை, முடிந்த பிறகு கொஞ்சமாக வருகிறது. அதற்காகக் காத்திருப்பேன். போன வாரம் நானே கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை கடை லீவு என்று அம்மா சொல்லியிருந்தாள், அன்றைக்கு வரட்டுமா என்று கேட்டேன். அன்றைக்கு வீட்டைக் கழுவ வேண்டும் என்றாள். அதற்கடுத்த செவ்வாய்?

"பாக்கலாம்க்கா" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.